பொன்னிறத் தாளும் நூற்றுக்கு நூறும்

அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களின் வாக்குப் பதிவுகளை நோண்டுவதுதான் கொஞ்ச காலமாக என்னுடைய வார இறுதி வேலை. நான் அரசியல் அறிவியல் படித்தவன் இல்லை. படித்தது பி.இ., பிழைப்பு மென்பொருள். அதனால் இந்தக் கட்டுரையில் கோட்பாடு கம்மியாகவும் கணக்கு கொஞ்சம் அதிகமாகவும் இருக்கும். பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். அமெரிக்காவில் ஏதாவது ஒரு கொள்கையை முன்வைத்து இயங்கும் அமைப்புகள் (துப்பாக்கி உரிமை, சுற்றுச்சூழல், வரிக்குறைப்பு, கருக்கலைப்பு உரிமை, எதுவாகவும் இருக்கலாம்) ஆண்டுதோறும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மதிப்பெண் போடுகின்றன. முக்கியம் என்று தாங்கள் நினைக்கும் சில வாக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கம் வாக்களித்தாயா இல்லையா என்று எண்ணி, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண். சில அமைப்புகள் பள்ளிக்கூடம் மாதிரி ஏ, பி, சி என்று கிரேடு தரும். அந்த எண் தேர்தல் நேரத்தில் துண்டறிக்கையில் ஏறும், கட்சிக்குள் நடக்கும் பிரைமரியில் எதிராளியின் வாயிலும் ஏறும்.

இதைப் படிக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடணும். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் இந்தியாவில் பதவியே போகலாம். அதனால் ஓர் எம்.எல்.ஏ.வின் வாக்கைப் பார்த்து அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, கட்சியைப் பற்றித்தான் தெரியும். அமெரிக்காவில் அப்படி இல்லை. கட்சித் தலைமை கோபப்படலாம், கமிட்டிப் பதவியைப் பிடுங்கலாம், ஆனால் உறுப்பினர் பதவியைப் பறிக்க முடியாது. ஒவ்வொரு வாக்கும் அந்தத் தனி மனிதரின் கணக்கில் ஏறுகிறது. மதிப்பெண் என்ற தொழில் அங்கே செழிக்க அதுதான் காரணம்.

இதில் பழைய ஆள் என்றால் அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன். 1947-இல் தொடங்கிய தாராளவாத அமைப்பு. அவர்கள் முறை எளிமையானது. ஆண்டுக்கு 20 வாக்கெடுப்புகள், ஒன்றுக்கு 5 மதிப்பெண். எதிர்ப்பக்கத்தில் அமெரிக்கன் கன்சர்வேடிவ் யூனியன் 1971-லிருந்து காங்கிரஸ் உறுப்பினர்களுக்குப் போட ஆரம்பித்து, பின்னாளில் 50 மாநிலச் சட்டமன்றங்களுக்கும் போட்டது. லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ் சுற்றுச்சூழலுக்கு. இந்த எண்களை அரசியல் ஆய்வாளர்களும் வசதிக்காகப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தினார்கள். ரெடிமேட் தரவு சும்மா கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

முதல் கோளாறு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: வராதவர் கணக்கு. டெமாக்ரடிக் ஆக்‌ஷன் கணக்கில் அவைக்கு வராதவரும் எதிர்த்து வாக்களித்தவரும் ஒன்று. 20-இல் 16 முறை ஆதரித்து, 4 முறை ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கும் 80. 16 முறை ஆதரித்து, 4 முறை நேருக்கு நேர் எதிர்த்தவருக்கும் 80. இதன் உச்சம் 2007-இல் நடந்தது. அதிபர் வேட்பாளர் ஆகும் முயற்சியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த செனட்டர் ஜான் மெக்கெய்ன், சுற்றுச்சூழல் அமைப்பு தேர்ந்தெடுத்த 15 வாக்கெடுப்புகளில் ஒன்றில்கூட இல்லை. மதிப்பெண் 0. வேலைக்கு வராதவனைக் கேட்பது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது வருகைப்பதிவேடு. அதை 'சுற்றுச்சூழல் மதிப்பெண்' என்ற தலைப்பில் அச்சடித்தால், படிப்பவர் வேறொன்றாகத்தானே புரிந்துகொள்வார்? தரவுத்தளத்தில் காலியிடத்தையும் பூஜ்யத்தையும் ஒன்றாகப் போட்டால் எங்கள் ஆபீஸில் ஜூனியர் பையனே கேள்வி கேட்பான்.

இல்லினாய் மாநிலத்தில் இந்தக் குழப்பம் இன்னும் சுவாரசியமானது. அங்கே ஆம், இல்லை தவிர 'பிரசன்ட்' என்று மூன்றாவது பொத்தான் உண்டு. மாநில செனட்டில் 59 பேர். ஒரு மசோதா நிறைவேற வந்திருப்பவர்களில் பாதி போதாது, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது 30 ஆம் வேண்டும். ஆகவே 'பிரசன்ட்' என்று அழுத்தினால் நடைமுறையில் அது 'இல்லை'தான். பராக் ஒபாமா 1997 முதல் 2004 வரை அந்த அவையில் இருந்தபோது சுமார் 130 முறை அப்படி அழுத்தினார். அவற்றில் சில கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தும் மசோதாக்கள். 2008 ஜனவரியில் ஹிலாரி கிளின்டன் தரப்பு நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு இதைச் சொல்லி ஒரு துண்டறிக்கையே அனுப்பியது. கருக்கலைப்பு உரிமை விஷயத்தில் இவர் துணிந்து நிற்கவில்லை என்பது அதன் சாரம்.

ஆனால் அந்த மாநிலத்தில் கருக்கலைப்பு உரிமைக்காக நின்ற பிளான்ட் பேரன்ட்ஹுட் தரப்பு சொன்ன கதை வேறு. 'பிரசன்ட்' போடச் சொன்னதே நாங்கள்தான் என்றார்கள். இழுபறித் தொகுதிகளில் இருக்கும் உறுப்பினர்களுக்கு 'இல்லை' போடுவது தேர்தலில் வினையாகும். அவர்களுக்குத் துணையாகப் பாதுகாப்பான தொகுதிக்காரர்களும் 'பிரசன்ட்' போட்டால் கூட்டத்தோடு கூட்டமாக மறைந்துகொள்ளலாம். அது அவர்கள் சேர்ந்து போட்ட திட்டம். ஒரே பொத்தான், ஒரே ஆள். ஒருவர் கணக்கில் அது நழுவல், இன்னொருவர் கணக்கில் விசுவாசம். வாக்குப் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு எந்த அல்காரிதமும் இதைக் கண்டுபிடிக்காது. பொத்தானுக்கு முன்னால் நடந்த பேச்சு பதிவேட்டில் இல்லை.

இதெல்லாம் தனித்தனிக் கோளாறு. திருத்தலாம். அடிப்படையிலேயே உள்ள கோளாறை 1992-இல் ஜேம்ஸ் ஸ்னைடர் என்ற அறிஞர் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டினார். 'செயற்கைத் தீவிரம்' என்று அதைச் சொல்லலாம். கணக்காகவே பார்த்துவிடலாம், நானே ஒரு சின்ன உதாரணம் போடுகிறேன்.

100 உறுப்பினர்களை இடமிருந்து வலமாக 1 முதல் 100 வரை வரிசையாக நிறுத்துங்க. அமைப்பு வலது கோடியில் இருக்கிறது. ஒவ்வொரு மசோதாவும் இந்த வரிசையை ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டுக்கு வலப்பக்கம் நிற்பவர்களும், வெட்டு விழும் இடத்திலேயே நிற்பவரும் அமைப்போடு வாக்களிப்பார்கள், மற்றவர்கள் எதிராக. 20 மசோதாக்களின் வெட்டு 5, 10, 15 என்று 100 வரை பரவலாக இருந்தால் 40-ஆவது ஆளுக்கு 40 மதிப்பெண், 60-ஆவது ஆளுக்கு 60. அழகாக வருகிறது. இப்போது 20 மசோதாக்களும் 45-க்கும் 55-க்கும் நடுவில் வெட்டுபவை என்று வைத்துக்கொள்ளுங்க. 40-ஆவது ஆளுக்கு 0. 60-ஆவது ஆளுக்கு 100. ஆட்கள் மாறவில்லை, அவர்கள் மனசும் மாறவில்லை. வாக்கெடுப்புத் தேர்வு மட்டும் மாறியது. நடுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேர் இரண்டு துருவங்களாகிவிட்டார்கள். 1-ஆவது ஆளுக்கும் 40-ஆவது ஆளுக்கும் வித்தியாசமே காணாமல் போச்சு.

அமைப்புகள் எந்த வாக்கெடுப்பைத் தேர்ந்தெடுக்கும்? மயிரிழையில் வென்றது, மயிரிழையில் தோற்றது. சண்டை நடந்த இடம்தான் அவர்களுக்கு முக்கியம், அது இயற்கையும்கூட. அதனால் வெட்டுகள் ஒரே இடத்தில் குவிகின்றன. அவையே இரண்டாகப் பிளந்து கிடப்பதுபோல எண்கள் காட்டும். பிளவு நிஜமாகவே இருக்கலாம். ஆனால் இந்த எண்ணை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது என்பதுதான் ஸ்னைடரின் வாதம்.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவதும் இதே சிக்கலில் மாட்டும். போன வருஷம் 70, இந்த வருஷம் 85 என்றால் ஆள் நகர்ந்தாரா, கேள்வித்தாள் சுலபமாச்சா? 1999-இல் டிம் குரோஸ்குளோஸ், ஸ்டீவன் லெவிட், இதே ஸ்னைடர் மூவரும் டெமாக்ரடிக் ஆக்‌ஷன் எண்களைப் பணவீக்கத்துக்குத் திருத்துவதுபோலத் திருத்தி, ஆண்டுகளையும் இரு அவைகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்கள். (லெவிட் என்றால் ஃப்ரீக்கனாமிக்ஸ் எழுதிய இருவரில் ஒருவர், அவரேதான்.) மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடுவது இதைவிடக் கஷ்டம். ஒரு மாநிலத்தில் வாக்குக்கு வந்த மசோதா இன்னொன்றில் வரவே வராது. போரிஸ் ஷோர், நோலன் மெக்கார்ட்டி இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு பாலம் கண்டுபிடித்தார்கள். புராஜெக்ட் வோட் ஸ்மார்ட் அமைப்பு பல மாநில வேட்பாளர்களுக்கும் காங்கிரஸ் வேட்பாளர்களுக்கும் பொதுவான கேள்விகள் கொண்ட படிவம் அனுப்பியிருந்தது. அந்தப் பதில்களை வைத்து வேறு வேறு மாநிலங்களின் வாக்குகளை ஒரே கோட்டில் ஏற்றினார்கள். கலிஃபோர்னியா மிகப் பிளவுபட்ட சட்டமன்றம் என்று வந்தது. ஒரே கட்சிப் பெயரில் இருப்பவர்கள் மாநிலத்துக்கு மாநிலம் எவ்வளவு வேறுபட்டவர்கள் என்றும் தெரிந்தது. இத்தனை மெனக்கெட்டால்தான் ஒப்பிட முடியும் என்றிருக்கும்போது, 50 மாநிலத்துக்கும் 50 கேள்வித்தாள் வைத்துவிட்டு எல்லோருக்கும் 'பழமைவாத மதிப்பெண்' என்று ஒரே தலைப்பில் எண் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தந்த மாநிலத்துக்குள் ஓரளவு பொருள் இருக்கும். எல்லை தாண்டினால் இல்லை.

இனி நியூ ஹாம்ப்ஷயருக்கு வருவோம். நான் அதிகம் நேரம் செலவிட்டது இங்கேதான்.

2020 கணக்கெடுப்பில் 14 லட்சம் பேர்கூட இல்லாத மாநிலம், கீழவையில் 400 பேர். சுமார் 3,400 பேருக்கு ஒருவர், நம்ம கணக்குக்கு ஒரு பெரிய கிராமத்துக்கு ஒருவர். சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர், 1889-இல் நிர்ணயித்தது, இன்னும் மாறவில்லை. தனி அலுவலகம் கிடையாது, உதவியாளர் கிடையாது. ஓய்வு பெற்றவர்கள், சிறுவணிகர்கள், வேலையிலிருந்து லீவு போட்டு வருபவர்கள். இவர்கள் முன்னால் ஆண்டுக்குப் பல நூறு மசோதாக்கள். அந்த மாநில வழக்கப்படி கமிட்டியில் மசோதாவைச் சத்தமில்லாமல் கொல்ல முடியாது. எல்லாமே அவைக்கு வந்துதான் ஆகணும்.

இந்த இடத்தில்தான் நியூ ஹாம்ப்ஷயர் லிபர்ட்டி அலையன்ஸ் வருகிறது. அரசின் அதிகாரமும் வரியும் குறையணும் என்று சொல்லும் அமைப்பு. கூட்டம் நடக்கும் நாளில் அவைக்குள் நுழையும் உறுப்பினர்களுக்கு ஒரு பொன்னிறத் தாள் கொடுப்பார்கள். பெயரே 'கோல்ட் ஸ்டாண்டர்டு'. அன்றைக்கு வரும் மசோதாக்களில் எதற்கு எப்படி வாக்களிக்கணும், ஏன், என்று சில வரிகள். ஆண்டு முடிவில் 'லிபர்ட்டி ரேட்டிங்' என்று மதிப்பெண் அட்டை. ஏ பிளஸ்ஸிலிருந்து எஃப் வரை கிரேடு, அதற்கும் கீழே 'அரசியலமைப்புக்கு அச்சுறுத்தல்' என்று ஒரு தனி வகுப்பு. என் பள்ளிக்கூட கணக்கு வாத்தியாருக்கு இப்படி ஒரு கிரேடு இருப்பது தெரியாமல் போச்சு.

கிண்டல் போகட்டும். அவர்கள் செய்வதில் ஒன்றை நான் மெச்சுகிறேன். கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுக்கிறார்கள், விடையோடு, காரணத்தோடு. வருஷக் கடைசியில் தனக்கு வேண்டிய ஆளுக்கு நல்ல மார்க் வருகிற மாதிரி வாக்கெடுப்புகளைப் பொறுக்க வழி குறைவு. துப்பாக்கி அமைப்பான என்ஆர்ஏ தரும் கிரேடுகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்க. வாக்குப் பதிவே இல்லாத புது வேட்பாளருக்கு அவர்கள் அனுப்பும் படிவத்தின் பதிலை வைத்தே கிரேடு. பதில் சொல்ல மறுத்தால் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியையே சந்தேகத்துக்குரிய ஆள் என்ற மாதிரி படிக்க வைப்பார்கள்.

ஆனால் முன்கூட்டியே சொல்வது இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. விடைத்தாள் கையில் இருக்கும்போது எழுதும் பரீட்சை எதை அளக்கிறது? ஒரு நாளில் பல பத்து மசோதாக்கள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லாத, சம்பளமில்லாத மனிதர். அவர் அந்தத் தாளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் வருஷக் கடைசியில் ஏ பிளஸ். தானே உட்கார்ந்து படித்து, பத்தில் ஒன்பது முறை அதே முடிவுக்கு வந்து, ஒருமுறை மட்டும் 'இந்த மசோதாவின் நாலாவது பிரிவு சரியில்லை' என்று எதிர்த்தவருக்கு அவரைவிடக் குறைவு. சுதந்திரத்தைப் போற்றுகிற அமைப்பின் மதிப்பெண்ணில் சுதந்திரமாக யோசிப்பவர் பின்தங்குகிறார். இந்த அமைப்புக்கு மட்டும் இல்லை, எந்த மதிப்பெண் அட்டையிலும் இதுதான் கதி. இங்கே தாளின் நிறம் பளிச்சென்று இருப்பதால் கண்ணில் படுகிறது.

வாஷிங்டனில் இதையே கடிதமாக எழுதுகிறார்கள். கிளப் ஃபார் குரோத், ஹெரிட்டேஜ் ஆக்‌ஷன் மாதிரி அமைப்புகள் முக்கிய வாக்கெடுப்புக்கு முன்னால் 'இதற்கு மதிப்பெண் உண்டு' என்று அறிவிப்பார்கள். அளவுகோலுக்கு அப்படி முன்னறிவிப்பு தேவையில்லை, தெர்மாமீட்டர் யாரையும் மிரட்டுவதில்லை. இது அங்குசம். யானைப்பாகன் கையில் அங்குசம் இருப்பதில் தப்பு இல்லை. மதிப்பெண் வழியாக உறுப்பினரைத் தன் பக்கம் இழுப்பது ஜனநாயகத்தில் நியாயமான வேலைதான். அதையே 'உங்கள் பிரதிநிதி எப்படிப்பட்டவர் என்று நடுநிலையோடு அளந்து சொல்கிறோம்' என்று வாக்காளர் கையில் கொடுப்பதில்தான் எனக்குச் சண்டை. வாக்காளருக்குப் பெரும்பாலும் தன் பிரதிநிதியைப் பற்றிக் கிடைக்கும் ஒரே தகவல் அந்தத் துண்டறிக்கைதான். 3,400 பேருக்கு ஒரு பிரதிநிதி என்ற ஊரில் பிரைமரி முடிவு சில பத்து வாக்குகளில்கூடத் திரும்பலாம்.

பொறியாளராக எனக்குப் பிடித்த சிக்கல் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் கமிட்டி ஒரு மசோதாவை வேண்டாம் என்றால் 'சட்டமாக்க உகந்ததல்ல' என்று பரிந்துரைக்கும். அவையில் வாக்குக்கு வரும் கேள்வியும் அதுதான். அப்போது 'ஆம்' என்றால் மசோதா சாகட்டும் என்று பொருள். 'நிறைவேற்றலாம்' என்ற தீர்மானத்தில் 'ஆம்' என்றால் வாழட்டும். மேசையில் கிடக்கட்டும் என்று தள்ளிவைக்கும் தீர்மானம் தனி. பதிவில் இருப்பது ஆம், இல்லை மட்டும்தான். எது எதற்கு ஆம் என்று ஒவ்வொரு வரிக்கும் திசை குறித்தால்தான் கூட்டவே முடியும். தள்ளிவைக்கும் தீர்மானத்துக்குத் திசை குறிப்பது ஏற்கெனவே ஓர் அரசியல் தீர்ப்பு. மசோதாவை வெறுப்பவரும் தள்ளிவைப்பார், தோற்கப்போகிற மசோதாவைக் காப்பாற்ற நினைப்பவரும் தள்ளிவைப்பார்.

அதைவிடப் பெரிய ஓட்டை, பதிவிலேயே இல்லாத வாக்குகள். அந்த அவையில் முடிவுகள் மூன்று விதமாக எடுக்கப்படும். குரல் வாக்கெடுப்பில் யார் என்ன சொன்னார் என்று தெரியாது. டிவிஷன் எடுத்தால் எத்தனை பேர் என்று தெரியும், யார் என்று தெரியாது. ரோல் கால் எடுத்தால்தான் பெயரோடு பதிவாகும், அதை யாராவது எழுந்து கேட்கணும். யார் கேட்பார்கள், எப்போது? எதிராளியைப் பெயரோடு மாட்டிவிட ஆசைப்படும்போது. தன் பக்கத்து ஆட்கள் நழுவாமல் இருக்கணும் என்று நினைக்கும்போது. அப்போ மதிப்பெண் அட்டைக்காரர் தேர்வு செய்வதற்கு முன்னாலேயே அவைக்குள் ஒருமுறை தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. இரண்டு சல்லடை. முதல் சல்லடை எந்த மதிப்பெண் அட்டையின் விளக்கக் குறிப்பிலும் வருவதில்லை. ஷோர், மெக்கார்ட்டி மாதிரி பெரிய ஆய்வுகளும் ரோல் காலைத்தான் நம்பியாகணும், வேறு வழியில்லை.

நான் இப்போது ஒரு மதிப்பெண் அட்டையைக் கையில் எடுத்தால் சதவீதத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு பத்தி சேர்க்கிறேன். எல்லாமே நூலிழை என்றால், மேலே சொன்ன 45-க்கும் 55-க்கும் நடுவில் வெட்டுகிற கதை. நடுவே ஒன்று மட்டும் 300-க்கு 20 என்கிற மாதிரி ஒருதலையாக இருந்தால் அதுதான் சுவாரசியம். அந்த 20 பேரில் யாரோ ஒருவரைத் தனியாகப் பாராட்டவோ குத்தவோ அது சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். யார் என்று தேடிப் பார்த்தால் அந்த வருஷம் பிரைமரியில் போட்டி இருந்த தொகுதி எது என்று அடுத்த கேள்வி தானாக வரும். அந்தப் பத்தியை நிரப்பும் வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.